பத்திரத் தமிழில் அடுக்குச் சொற்கள்

முன்னுரை

மொழியின் துணையின்றிச் சட்டம் இயங்காது. வாய்ச்சொல்லாக நின்ற உடன்பாடு எழுத்தில் ஏறும்போதுதான் ஆவணமாகிறது. அவ்வாறு எழுத்தில் ஏறிய சொற்களுள் பல, அவற்றின்கீழ்க் கையொப்பமிடும் மக்களுக்கே விளங்காதனவாக இருத்தல் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள நிலையாகும். வீடும் நிலமும் விற்போர், வாங்குவோர், மக்களுக்கு எழுதிவைப்போர் அனைவரும் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இச்சொற்களின் முன் நின்றே ஆகவேண்டும். இலக்கியம் பயில்வோரோ இவற்றை இலக்கியம் அல்ல என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் பழுப்பேறிய பத்திரமொன்றைக் கொண்டுவந்து, "ஐயா, இது தமிழ்தானே? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு வரி விளங்கவில்லையே" என்றார். அவருடைய பாட்டியார் மகளின் திருமணச் செலவுக்காக ஒருவரிடம் கடன் பெற்று, அதற்கு ஈடாகத் தம் தென்னந்தோப்பை எழுதிக் கொடுத்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தோப்பும் திரும்பும் என்பது இருவருக்கும் இடையே இருந்த பேச்சு. பத்திரத்தைப் படித்தேன். "தான விக்கிரய விநியோக சகல பாத்தியங்களுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று அதில் இருந்தது. அது கடன் பத்திரம் அன்று. முழுக் கிரயப் பத்திரம். அந்த மூதாட்டியார் பின்னர் என்னிடம் சொன்னது இன்றும் நினைவில் உள்ளது. "படிச்சுத்தான் காட்டுனாங்க தம்பி. நிறையச் சொல்லு இருந்துச்சு. நிறைய இருந்தா நமக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்றார்.

சொல் மிகுந்தால் காப்பும் மிகும் என்ற இந்த நம்பிக்கை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பத்திரம் எழுதுவோர், எழுதி வாங்குவோர் அனைவரிடமும் அது உண்டு. அந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அடுக்கப்பட்ட சொற்களுள் ஒவ்வொன்றும் எதனைக் குறிக்கிறது, சட்டம் அவற்றிற்கு எவ்வளவு மதிப்பளிக்கிறது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுக்குச் சொல் என்பது யாது?

ஒரு பொருளைப் பல சொற்களால் சொல்லுதலை நம் இலக்கண நூலார் ஒருபொருட்பன்மொழி என்பர். 'உயர்ந்தோங்கிய மலை' என்னும்போது உயர்தலும் ஓங்குதலும் ஒன்றே. எனினும் சொல் சிறப்புப் பெறுகிறது. செய்யுளில் இது அழகு. ஆவணத்திலோ ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பயன் இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதிமன்றத்தின் இயல்பு. ஆகவே அங்கு அடுக்கும் சொற்களைப் பிரித்துக் காண வேண்டியுள்ளது.

பத்திரங்களில் வரும் அடுக்குகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, ஒரே பொருளுடைய சொற்கள் வெவ்வேறு மொழிகளிலிருந்து வந்து இணைந்தவை. 'ஷரத்து நிபந்தனைகள்', 'வாரிசு சந்ததிகள்', 'பாக்கி நிலுவை' என்பன இவ்வகையின. இரண்டாவது, வேறு வேறு பொருளுடைய சொற்கள் சேர்ந்து ஒரு முழு உரிமையைக் குறிப்பவை. 'தான விக்கிரய விநியோகம்' இதற்குச் சான்று. மூன்றாவது, சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளாமல் தொடர் முழுவதற்கும் ஒரு பொருள் கொள்ள வேண்டியவை. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்பது இவ்வகை. இம்மூன்றையும் ஒன்றாக மயங்குவதனாலேயே பல வழக்குகள் எழுகின்றன.

மொழிகள் கலந்த வரலாறு

நிலத்தை விற்கும்போதும் கொடையாக அளிக்கும்போதும் சொற்களை அடுக்கும் மரபு தமிழகத்தில் மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் நிலத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லுங்கால் மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்போடி ஆமை தவழ்ந்த இடமும் என்றெல்லாம் அடுக்கிச் செல்வர். உடும்பு ஓடுவது மேட்டுநிலம். ஆமை தவழ்வது நீர்ப்பாங்கான நிலம். மேடும் பள்ளமும் ஆகிய அனைத்தும் என்பதனை உழவர் கண்முன் நிறுத்தும் தொடர் அது. படிக்கத் தெரியாதவரும் கேட்டவுடன் எதை விற்றோம் என்பதை அறிவர். கொடையின் காலத்தைச் சொல்லச் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதுவர். அடுக்குதல் அக்காலத்தில் மறைப்பதற்கு அன்று, விளக்குவதற்கே பயன்பட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

விசயநகரப் பேரரசுக் காலத்தில் வடமொழித் தொடர்கள் பெருகின. அதன்பின் முகலாயப் படையெடுப்பின் விளைவாக அமைந்த ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகம் அரசு மொழியாயிற்று. அதன் வழியே அரபுச் சொற்களும் ஊர்க் கணக்கு வரை இறங்கின. 1801ஆம் ஆண்டில் கர்நாடக ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிய பின்னரும் அச்சொற்கள் மறையவில்லை. வாரிசு, ஷரத்து, ரத்து, வசூல், பாக்கி, அசல், நகல், ஜாமீன், ஜப்தி, தாவா, வக்காலத்து, இனாம் ஆகியவை அனைத்தும் அரபு வேர்களிலிருந்து பிறந்து பாரசீக ஆட்சி மொழி வழியாகத் தமிழுக்கு வந்தவை. பிராது என்பது பாரசீகம். ராஜிநாமாவில் முற்பகுதி அரபு, பிற்பகுதி பாரசீகம். இன்று இவற்றை வேற்றுமொழிச் சொல் என்று எண்ணாமலே சிற்றூர் மக்களும் வழங்குகின்றனர்.

இவ்வாறு ஆட்சி மாறுந்தோறும் புதிய சொல் வந்தது. பழைய சொல்லை நீக்க எழுத்தருக்குத் துணிவில்லை. நீக்கினால் உரிமை குறைந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. ஆகவே பழையதன் அருகில் புதியதை வைத்தார். நிபந்தனையும் ஷரத்தும் இணைந்தது இவ்வகையிலேயாம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சும் இலத்தீனும் வழங்கின; மக்கள் பேசியது ஆங்கிலம். 1362ஆம் ஆண்டின் சட்டமொன்று வழக்காடுதல் ஆங்கிலத்தில் நிகழ வேண்டும் என்று விதித்தது. ஆயினும் பழைய சொற்கள் நின்றன. உயிலைக் குறிக்கும் 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்னும் இணையில் முன்னது பழைய ஆங்கிலம், பின்னது இலத்தீன் வழி வந்தது. பொருள்களைக் குறிக்கும் 'கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்பதும் அத்தகையதே. இந்த ஆங்கில அடுக்குகளும் பின்னர் மொழிபெயர்ப்பாக நம் பத்திரங்களில் நுழைந்தன. எனவே இன்றைய தமிழ்ப் பத்திரம் ஒன்றில் நான்கு மொழிகளின் அடுக்குகள் ஒரே வாக்கியத்தில் நிற்பதைக் காணலாம்.

எண்வகைப் போகம்

பழைய கிரயப் பத்திரங்களில் 'நிதி நிட்சேப ஜல பாஷாண அட்சீணி ஆகாமி சித்த சாத்தியம் என்னும் அஷ்டபோக தேஜ சுவாமியங்களும்' என்ற தொடரைக் காணலாம். நிலத்தின் உரிமையாளர் பெறத்தக்க எட்டு வகைப் பயன்களை இது எண்ணிச் சொல்கிறது. நிதி என்பது மண்ணில் புதைந்த செல்வம். நிட்சேபம் என்பது ஒருவர் வைத்துச்சென்ற வைப்பு. ஜலம் நீர். பாஷாணம் கல். அட்சீணி என்பது குறையாது நிலைத்துவரும் பயன். ஆகாமி என்பது இனி வரவிருக்கும் பயன். சித்தம் என்பது ஏற்கெனவே பண்படுத்திக் கைக்கு வந்தது. சாத்தியம் என்பது முயன்றால் கைகூடத்தக்கது. சில பத்திரங்களில் ஜலத்தின் பின் 'தரு' என்று மரத்தையும் சேர்ப்பர். அப்போது எண்ணிக்கை ஒன்பதாகிவிடும். பெயர் மட்டும் அஷ்டபோகமாகவே நிற்கும். எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும், ஓதுவது போல் நகலெடுத்தார் என்பதும் இதனால் விளங்கும்.

இத்தொடர் எழுதப்பட்டிருப்பதனால் மட்டும் எட்டும் வாங்குபவருக்கு வந்துவிடுமோ? வாரா. புதையலை எடுத்துக்கொள்வோம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். அதன்பின் விசாரணை நடைபெறும். உரியவர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முன்னவருக்கு முக்காற் பங்கும் பின்னவருக்குக் காற் பங்கும் எனச் சட்டம் வகுக்கிறது. அரசு விலை கொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆகவே பத்திரத்தில் 'நிதி' என்ற சொல் இருப்பதாலேயே புதையல் முழுதும் வீட்டுக்காரருக்கு வந்துவிடாது.

கல்லும் அவ்வாறே. 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கொன்றில், நிலத்தடிக் கனிமத்தின் உரிமை, சட்டம் வேறுவிதமாகப் பறித்தாலன்றி, பொதுவாக நில உரிமையாளரையே சாரும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் உரிமை இருத்தல் வேறு; தோண்டி விற்றல் வேறு. நம் மாநிலத்தில் கல்லும் மணலும் சரளையும் வெட்டி எடுப்பது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. பாஷாணம் என்ற சொல் அந்த அனுமதிக்கு ஈடாகாது.

சட்டம் தானே சேர்ப்பவை

மறுபுறம், எழுதாமல் விட்டாலும் சட்டம் தானே சேர்த்துக்கொள்ளும் உரிமைகள் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 8ஆம் பிரிவில் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. வேறு கருத்து வெளிப்படையாகவோ குறிப்பாகவோ இல்லாதபோது, மாற்றிக்கொடுப்பவர் அச்சொத்தில் கொடுக்க இயன்ற உரிமை முழுவதும், அதனைச் சார்ந்த பயன்களும் உடனே பெறுபவரைச் சேரும். நிலமானால் அதனோடு ஒட்டிய வழிநடை, நீர்ப்பாய்ச்சல் போன்ற வசதியுரிமைகள், மாற்றத்திற்குப் பின் வரும் குத்தகையும் விளைவும், மண்ணோடு பிணைந்த மரமும் கட்டடமும் சேரும். வீடானால் பூட்டும் சாவியும் கதவும் சன்னலும் கூடச் சேரும் என்று சட்டமே எண்ணிச் சொல்கிறது.

ஆகவே 'மாவடை மரவடை, வழிநடை பாத்தியம், கதவு நிலை சன்னல் உள்பட' என்று அடுக்குவன பெரும்பாலும் சட்டம் முன்னரே கொடுத்தவற்றை மீண்டும் கூறுவனவே. கூறுவதால் தீங்கில்லை. ஆனால் கூறியதனால் புதிய உரிமை பிறந்துவிட்டதாக எண்ணுதல் தவறு. பக்கத்துத் தோட்டத்தின் வழியே செல்லும் உரிமை விற்றவருக்கே இல்லையெனில், 'சகல வழிநடை பாத்தியங்களுடன்' என்று எழுதி அதனை உண்டாக்க முடியாது. தம்மிடம் இல்லாததை ஒருவர் கொடுத்தல் இயலாது என்பது சட்டத்தின் அடிப்படை.

அவ்வாறே 'எனக்கு இப்போதுள்ளதும் இனி வரவிருப்பதுமான சகல பாத்தியங்களும்' என்று மகன் ஒருவன் தந்தை உயிரோடிருக்கும்போதே தன் வருங்காலப் பங்கை எழுதிக் கொடுத்தால், 6ஆம் பிரிவின்படி அது செல்லாது. வாரிசாகலாம் என்ற எதிர்பார்ப்பு விற்பனைக்குரிய சொத்தன்று. இஸ்லாமிய மரபுரிமைச் சட்டத்திலும் இதுவே நிலை. ஒருவர் இறந்த பின்னரே வாரிசுரிமை பிறக்கிறது.

தானமும் விக்கிரயமும்

'தான விக்கிரய விநியோகம்' என்ற அடுக்கில் மூன்று சொற்களும் மூன்று உரிமைகளைக் குறிப்பன. தானம் விலையின்றிக் கொடுத்தல். விக்கிரயம் விலைக்கு விற்றல். விநியோகம் விருப்பப்படி பயன்படுத்தல். வடமொழியில் கிரயம் என்பது வாங்குதல், விக்கிரயம் என்பது விற்றல். தமிழ்ப் பத்திரத்திலோ விற்பவர் எழுதிக் கொடுப்பதே கிரயப் பத்திரம் எனப்படுகிறது. மூன்று சொற்களும் சேர்ந்து 'இச்சொத்தை எவ்வகையிலும் கையாளும் முழு உரிமை' என்ற ஒரே கருத்தைத் தருகின்றன. இவ்வடுக்கு இருக்கும் பத்திரம் முழு உரிமையை மாற்றுவது என்றே நீதிமன்றம் கொள்ளும். கடனுக்கு ஈடாக எழுதும் பத்திரத்தில் இதற்கு இடமே இல்லை.

முழு உரிமை கொடுத்தபின் 'யாருக்கும் விற்கக் கூடாது' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் அது 10ஆம் பிரிவின்படி செல்லாது. முன்வரியில் கொடுத்ததைப் பின்வரியில் பறிக்க முடியாது.

தானம் என்ற சொல்லைத் தனியே நோக்க வேண்டும். பொதுச் சட்டப்படி அசையாச் சொத்தின் தானம் இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு பதிவு செய்யப்பெறல் வேண்டும். முஸ்லிம்களின் ஹிபாவுக்கு அதே சட்டத்தின் 129ஆம் பிரிவு விலக்களிக்கிறது. கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தின் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா முழுமை பெறும். எழுத்தில் இருந்து பதிவாகாத ஹிபாவும் செல்லும் என்று 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. 'இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்' என்பது எழுத்தர் வழக்கமாக எழுதும் தொடர். அதனை எழுதிவிட்டு ஒப்படைப்பு நிகழாமலே இருந்தால், மூன்றாம் உறுப்பு குறைந்து ஹிபாவே நிலைகுலையக்கூடும். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வீட்டில் வாழ்வது போன்ற நிலைகளில் ஒப்படைப்புக்குத் தனி முறைகள் உண்டு. மற்ற இடங்களில் சொல்லோடு செயலும் வேண்டும்.

புத்திர பௌத்திர பாரம்பரியம்

இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மகன், மகன் மகன், வழிவழியாக' என்று வரும். இதனைக் காட்டி, "சொத்து ஆண் மக்களுக்கே, பெண் மக்களுக்கு இல்லை" என்று குடும்பங்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். இது பிழை. வங்காளத்துப் பத்திரங்களிலும் இத்தொடர் உண்டு. 1881ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் இதனை ஆராய்ந்து, இது வழிவழி இறங்கும் முழு உரிமையைக் குறிக்கும் மரபுத்தொடரே என்று கொண்டது. ஆண் சொல்லால் அமைந்திருப்பதால் மட்டும் பெண் வாரிசுகள் நீங்கிவிடுவதில்லை. வாங்கியவர் முழு உரிமையாளர் ஆகிறார்; அவர் காலமான பின் அவருக்குரிய வாரிசுரிமைச் சட்டம் யார் யாருக்குப் பங்கு தருகிறதோ அவர்களுக்கெல்லாம் சேரும். மகளுக்குரிய பங்கை ஒரு கிரயப் பத்திரத்தின் மரபுத்தொடர் பறிக்காது. தொடர் முழுவதற்கும் பொருள் கொள்ளாமல் துண்டு துண்டாகப் பொருள் கொள்வதால் விளையும் தீமைக்கு இது தக்க சான்றாகும்.

'முதலிய' என்னும் சொல்

அடுக்கின் முடிவில் 'முதலியன', 'இன்னபிற', 'மற்றுமுள்ள' என்னும் சொற்கள் வருதல் உண்டு. இவை எல்லையற்றவை போலத் தோன்றினும் சட்டம் இவற்றிற்கு எல்லை வகுத்துள்ளது. முன்னே எண்ணப்பட்டவை ஓர் இனத்தைச் சேர்ந்தவையானால், பின்வரும் பொதுச்சொல்லும் அவ்வினத்தையே குறிக்கும் என்பது பொருள்கோள் நெறி. 'கிணறு, மோட்டார், பம்புசெட்டு, குழாய் முதலியன' என்று எழுதினால், நீர்ப்பாசனத்துக்குரிய தொட்டியும் வாய்க்காலும் அதனுள் அடங்கும். களத்தில் நின்ற டிராக்டர் அடங்காது. தமிழ் மாணவர்களுக்கு இது புதிதன்று. இனஞ்சுட்டல் என்று இலக்கணத்தில் பயின்றதன் பயன்பாடே இது.

எல்லையைக் குறிக்கும் அடுக்கிலும் ஒரு நெறி உண்டு. பத்திரத்தில் சர்வே எண், பரப்பளவு, செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை ஆகியவை அடுத்தடுத்து வரும். இவை தம்முள் முரண்பட்டால், தெளிவாகக் கூறப்பட்ட நான்கெல்லையே பொதுவாக மேலோங்கும். எண்ணைத் தவறாக எழுதலாம். கிழக்கே உள்ள வாய்க்காலை மாற்றி எழுதுதல் அரிது.

முன்னும் பின்னும் முரண்படின்

குடும்பப் பத்திரங்களில் மிகுந்த இடர் தருவது இதுவே. 'என் மனைவி சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று முதலில் எழுதி, சில வரிகளுக்குப் பின் 'அவள் ஆயுளுக்குப் பின் என் தம்பி மக்களுக்குச் சேர வேண்டியது' என்று எழுதுவர். எழுதியவரின் கருத்து மனைவிக்கு ஆயுட்கால உரிமை மட்டும் என்பதாக இருக்கலாம். ஆனால் 'சர்வ சுதந்திரம்' என்ற அடுக்கு முழு உரிமையைத் தந்துவிடுகிறது. இரண்டையும் இணக்கிப் பொருள் கொள்ள முடிந்தால் நீதிமன்றம் அவ்வாறே செய்யும். முடியாதபோது, வாழ்நாளிலேயே நடப்புக்கு வரும் பத்திரத்தில் முற்கூற்று நிற்கும், பிற்கூற்று வீழும் என்று உச்ச நீதிமன்றம் 1962ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. உயிலில் இதற்கு நேர்மாறாகப் பிற்கூற்றே நிற்கும் என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு. அப்பிரிவு முஸ்லிம்களின் உயிலுக்குரியதன்று. அவர்களின் வசிய்யத்து தம் சமயச் சட்டத்திற்கு உட்பட்டது. வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. உயிலில் எத்துணை 'சகல', 'சர்வ' என்று அடுக்கினாலும் அவ்வரம்பு விரியாது.

வெளிநாட்டில் பணிபுரிவோர் ஊரிலுள்ள உறவினருக்கு எழுதும் அதிகாரப் பத்திரத்திலும் இத்தகைய கவனம் வேண்டும். 'விற்கவும், ஈடு வைக்கவும், வாடகைக்கு விடவும், வழக்காடவும், மற்றும் சகல காரியங்களும் செய்யவும்' என்று அச்சிட்ட படிவத்தில் உள்ளதை அப்படியே ஏற்று ஒப்பமிடுவர். வாடகை வாங்க மட்டும் ஒருவர் வேண்டுமென்றால், விற்கும் அதிகாரம் அங்கே எதற்கு? அடுக்கில் கவனியாது விட்ட ஒரு சொல் வீட்டையே கொண்டுபோய்விடும். அதுபோலவே அதிகாரப் பத்திரமும் விற்பனை உடன்படிக்கையும் உயிலும் சேர்த்து எழுதிக்கொண்டு, கிரயம் பெற்றதாக எண்ணுவோரும் உளர். அவற்றால் உரிமை மாறாது என்று 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டுக் கூறிவிட்டது.

எழுதாத சொல்

இனி, தொடக்கத்தில் கூறிய தென்னந்தோப்புக்குத் திரும்புவோம். அப்பத்திரத்தில் சொற்கள் மிகுதியாக இருந்தன. வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. 'இன்ன தொகையை இன்ன காலத்திற்குள் திருப்பித் தந்தால் சொத்தைத் திரும்ப எழுதித் தருவேன்' என்ற நிபந்தனை அது. நிபந்தனையோடு கூடிய கிரயத்தை ஈடு என்று கொள்ள வேண்டுமானால், அந்நிபந்தனை அக்கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் 1929ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட விதி கூறுகிறது. எழுத்தில் உள்ள உடன்பாட்டை வாய்ச்சொல்லால் மாற்ற முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு கூறிற்று. 2024 சூலை 1 முதல் அதனிடத்தில் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் இவ்விதி தொடர்கிறது.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. பத்திரம் வெறும் தோற்றத்திற்கே எழுதப்பட்டது, நடைமுறைப்படுத்தும் எண்ணமே இருவருக்கும் இல்லை என்று மெய்ப்பிக்க வாய்மொழிச் சான்று தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1981ஆம் ஆண்டில் கூறியது. எழுத்தறியாத பெண்டிர் ஒப்பமிட்ட பத்திரத்தில், பொருள் விளங்கிய பின்னரே அவர் ஒப்பமிட்டார் என்று காட்டும் பொறுப்பு எழுதி வாங்கியவருடையது என்பதும் பிரிவி கவுன்சில் காலம் முதல் நிலவும் நெறி. ஆனால் இவற்றையெல்லாம் மெய்ப்பிக்கச் சாட்சி வேண்டும். காலவரம்பும் கடந்திருக்கக் கூடாது. மாணவரின் குடும்பத்தார் என்னிடம் வந்தபோது, எழுதி வாங்கியவர் இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அவருடைய மக்களுக்கு அந்தப் பேச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையிலிருந்த தாளில் அச்சொல் இல்லை. தோப்பு திரும்பவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பத்திரத்தின் அடுக்குச் சொற்களுள் சில மொழிக்கலப்பின் எச்சங்கள், சில சட்டம் தானே தருவனவற்றின் மறுகூற்றுகள், சில உண்மையிலேயே உரிமையை மாற்றுவன என்பது விளங்கும். மூன்றாம் வகையை அறிந்துகொள்வதே பொதுமக்களுக்கு இன்றியமையாதது. தான விக்கிரயம், சர்வ சுதந்திரம், புத்திர பௌத்திர பாரம்பரியம் என்பனவற்றுள் ஒன்றைக் கண்டாலும், 'இது முழு உரிமையை மாற்றும் பத்திரம்' என்று உடனே உணர்தல் வேண்டும். கடனுக்கு ஈடானால் அடமானம் என்ற பெயரும், தொகையும், தவணையும், மீட்கும் உரிமையும் எளிய தமிழில் எழுதப்படல் வேண்டும். ஒப்பமிடுபவர் பத்திரம் முழுவதையும் தம் சொற்களில் திரும்பச் சொல்லும்படி கேட்டுப் பார்ப்பது, அவர் விளங்கிக்கொண்டாரா என்பதை அறிய நல்ல வழி. ஐயம் எழுமாயின், எழுத்தரோடு நில்லாது வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுதல் நலம்.

நம் முன்னோர் உடும்பையும் ஆமையையும் காட்டி உழவருக்கு விளங்கும்படி ஆவணம் எழுதினர். அந்நெறியை மீட்பது தமிழ் கற்போரின் கடமையாகும். ஒவ்வோர் ஊரிலும் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவரேனும், தம் தெருவிலுள்ள பெரியோர் கையொப்பமிடுமுன் அவர் அருகில் அமர்ந்து, பத்திரத்தைப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வாரேயாயின், இத்துறையில் நாம் பயின்ற தமிழுக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை. அந்த மூதாட்டியாரின் அருகில் அன்று அப்படி ஒருவர் இல்லை.